சிவப்பு என்றால் சிவப்புதான்: தானியங்கிச் சோதனைகள் பற்றி ஒரு தொடக்க விளக்கம்

சிராங்கூன் சாலையில் ஓர் உணவகம் என்று வைத்துக்கொள்வோம். நால்வர் சாப்பிட்ட சாப்பாட்டின் விலை 40 வெள்ளி. அதன்மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், 4 வெள்ளி. இரண்டும் சேர்ந்த 44 வெள்ளிக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி, 3 வெள்ளி 96 காசு. ஆக மொத்தம் 47 வெள்ளி 96 காசு. இந்தக் கணக்கைப் போடும் மென்பொருளை ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியாகப் போடுகிறதா என்று ஒவ்வொரு முறையும் ஆள் உட்கார்ந்து தட்டிப் பார்ப்பதற்குப் பதிலாக, இன்னொரு சிறு நிரலை எழுதிவிடலாம். 40 வெள்ளியைக் கொடு, விடை 47.96 என்று வருகிறதா பார். வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. தானியங்கிச் சோதனை என்பது அடிப்படையில் இவ்வளவுதான்.

இப்படி ஒன்றை எழுதுவது சில நிமிட வேலை. நூற்றுக்கணக்கில் எழுதி, அவை எல்லாம் நான்கைந்து ஆண்டுகள் கழித்தும் உண்மையே பேசும்படி வைத்திருப்பதுதான் கடினம். பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து நேரே வருகிறவர்களும், வேறு தொழிலிலிருந்து மாறி இந்தத் துறைக்கு வருகிறவர்களும் இணையப் பக்கங்களைத் தானாக இயக்கிச் சோதிக்கும் செலினியம், பிளேரைட் போன்ற கருவிகளை நன்றாகவே கற்றுக்கொண்டு வருகிறார்கள். ஆனால் சோதனைகளைப் பராமரிப்பது பற்றி யாரும் அவர்களிடம் பேசியிருப்பதில்லை. வேலையில் சேர்ந்த சில வாரங்களிலேயே, "அந்தச் சோதனை அப்படித்தான், இன்னொரு தடவை ஓட்டினால் சரியாகிவிடும்" என்ற வாக்கியம் அவர்கள் காதில் விழுகிறது. இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்தைப் பற்றியது.

ஒரு சோதனை சிவப்பாவதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க வேண்டும்: அது காவல் காக்கும் நடத்தை கெட்டுப்போயிருக்க வேண்டும். பில் கணக்கைக் காக்கும் சோதனை, பில் கணக்கு தவறினால் மட்டுமே சிவப்பாக வேண்டும். இணையம் மெதுவாக இருந்ததால், நேற்று இன்னொரு சோதனை எதையோ அழிக்காமல் விட்டதால், மணி நள்ளிரவைத் தாண்டியதால், பொத்தானின் நிறத்தை யாரோ மாற்றியதால் எல்லாம் அது சிவப்பாகக் கூடாது. காரணமில்லாத சிவப்பு ஒரு வகைப் பொய். கணக்கு தவறிய பிறகும் பச்சையாகவே இருப்பது இன்னொரு வகைப் பொய். முதல் வகை எரிச்சலூட்டுகிறது, அதனால் எல்லாரும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். இரண்டாவது வகை சத்தமே போடுவதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய ஆபத்து. அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

ஒரே நிரல், ஒரே சோதனை, ஒரு முறை பச்சை, மறுமுறை சிவப்பு. இப்படிப்பட்டதைத் தடுமாறும் சோதனை என்போம். ஃபிளேக்கி டெஸ்ட் என்று அலுவலகங்களில் சொல்வது இதைத்தான். "எப்போதாவது ஒரு தடவைதானே" என்று விட்டுவிடுவதில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. உங்களிடம் 200 சோதனைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 200 தடவைக்கு ஒரு தடவை மட்டும் காரணமில்லாமல் தடுமாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே தங்கமான சோதனைகள். ஆனால் 200உம் ஒரே ஓட்டத்தில் பச்சையாக வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 37 விழுக்காடுதான். அதாவது மூன்று ஓட்டங்களில் இரண்டு, நிரலில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே சிவப்பாகும். அந்த நிலையில் சிவப்பைப் பார்த்து யார் பதறுவார்கள்? புலி வருகிறது என்று கத்திக் கத்தி ஊரை ஏமாற்றிய சிறுவன் கதைதான்.

இது சிறு நிறுவனங்களின் சிக்கல் மட்டும் அல்ல. கூகுள் 2016இல் தன் அனுபவத்தை வெளிப்படையாக எழுதியது. அங்கே சோதனை ஓட்டங்களில் சுமார் 1.5 விழுக்காடு தடுமாற்ற முடிவைத் தந்தன. சோதனைகளில் ஏறக்குறைய 16 விழுக்காட்டுக்கு ஏதோ ஓரளவு தடுமாற்றம் இருந்தது. பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறிய நிகழ்வுகளில் சுமார் 84 விழுக்காட்டில் தடுமாறும் சோதனை ஒன்று சம்பந்தப்பட்டிருந்தது. கடைசி எண்ணை இன்னொரு தடவை படியுங்கள். புதிதாகச் சிவப்பு எரிந்தால் அது தடுமாற்றமாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்கிறது அது.

எதனால் தடுமாறுகிறது? ஒரே வரியில் சொல்வதானால், சோதனை தன் கையில் இல்லாத ஒன்றை நம்பியிருக்கிறது. அந்த ஒன்று கடிகாரமாக இருக்கலாம், இன்னொரு சோதனையாக இருக்கலாம், வெளியார் சர்வராக இருக்கலாம். கடிகாரத்திலிருந்தே தொடங்குவோம், அதைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகிவிடும்.

சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 2007 ஜூலையிலிருந்து 7 விழுக்காடாக இருந்தது. 2023 ஜனவரி 1ஆம் தேதி 8 ஆனது, 2024 ஜனவரி 1ஆம் தேதி 9 ஆனது. 2022இல் நம் உணவகத்துக்குச் சோதனை எழுதியவர் 47.08 என்ற விடையை எதிர்பார்த்திருப்பார். புத்தாண்டு விடிந்ததும் மென்பொருள் சரியாக 8 விழுக்காடு போட்டு 47.52 என்கிறது, சோதனை சிவப்பாகிறது. பலரும் செய்வது என்ன? சோதனைக்குள் போய் 47.08ஐ அழித்துவிட்டு 47.52 என்று எழுதுவது, அடுத்த ஆண்டு அதையும் அழித்து 47.96 என்று எழுதுவது. பச்சை வந்துவிடும். ஆனால் டிசம்பர் 30ஆம் தேதி சாப்பிட்டுப் பணமும் கட்டிவிட்ட வாடிக்கையாளர், ஜனவரி 5ஆம் தேதி வந்து, அலுவலகத்தில் கொடுக்க அந்த பில்லின் நகல் வேண்டும் என்று கேட்டால்? அவருக்குப் பழைய விகிதத்தில்தான் வர வேண்டும். அதைக் காத்துக்கொண்டிருந்த சோதனையைத்தான் இப்போது அழித்துவிட்டோம்.

சரியான வழி, தேதியையும் உள்ளீடாகக் கொடுப்பது. பில் போடும் நிரல் "இன்றைக்கு என்ன தேதி" என்று கணினியிடம் தானாகப் போய்க் கேட்கக் கூடாது. கேட்டு வந்த தேதியை வெளியிலிருந்து அதன் கையில் கொடுக்க வேண்டும். அப்போது 40 வெள்ளிச் சாப்பாட்டுக்கு நான்கு சோதனைகள் எழுதலாம்: 2022 டிசம்பர் 31 என்றால் 47.08, 2023 ஜனவரி 1 என்றால் 47.52, 2023 டிசம்பர் 31 என்றாலும் 47.52, 2024 ஜனவரி 1 என்றால் 47.96. இந்த நான்கையும் இனி யாரும் தொட வேண்டியதில்லை. வரி நாளை மாறினாலும் இவை பச்சையாகவே இருக்கும், ஏனென்றால் கடந்த காலம் மாறாது. புதிய விகிதத்துக்குப் புதிய சோதனை ஒன்றைச் சேர்த்தால் போதும்.

இதே உணவகம் நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கிறது. 2024 புத்தாண்டு இரவு, பட்டாசு பார்த்துவிட்டு வந்த கூட்டம் 12.30 மணிக்குப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு பில் கேட்கிறது. மென்பொருள் ஓடும் சர்வரோ உலகப் பொது நேரமான யுடிசியில் அமைக்கப்பட்டிருக்கிறது. சர்வர்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். சிங்கப்பூர் அதைவிட 8 மணி நேரம் முன்னால். ஆகவே சர்வரைப் பொறுத்தவரை அப்போது 2023 டிசம்பர் 31, மாலை 4.30. நிரல் சர்வரின் தேதியைப் பார்த்தால் 8 விழுக்காடு போட்டு 47.52 என்று பில் கொடுக்கும். ஒரு மேசைக்கு 44 காசு குறைவு. வரி அதிகாரிகளுக்கு விளக்கம் எழுதும் வேலை தனி.

"இன்று வந்த ஆர்டர் இன்றைய பட்டியலில் தெரிய வேண்டும்" என்று ஒரு சோதனை இருந்தால் இது எப்படித் தெரியும் என்று யோசியுங்கள். சிங்கப்பூர் நேரப்படி நள்ளிரவிலிருந்து காலை 8 மணி வரை மட்டும் இரண்டு தேதிகளும் வேறுபடும். பகலில் எத்தனை தடவை ஓட்டினாலும் பச்சை. விடியற்காலை 2 மணிக்குத் தானாக ஓடும் ஓட்டத்தில் சிவப்பு. ஒன்பதரைக்கு வந்து காபியோடு உட்காருகிறவர் மறுபடி ஓட்டுகிறார், பச்சை. "இரவில் சர்வருக்கு ஏதோ சுமை" என்று முடிவு கட்டிவிட்டு வேலையைத் தொடர்கிறார். தடுமாறும் சோதனை என்று பெயர் வாங்கிய அந்தச் சோதனை இரவுதோறும் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. தடுமாற்றத்தைச் சோதனையின் குற்றம் என்று எடுத்த எடுப்பிலேயே தீர்மானிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. சிவப்பான ஓட்டங்கள் எந்த மணிக்கு நடந்தன என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

தீர்வு அதேதான்: கடிகாரத்தை வெளியிலிருந்து கொடுப்பது. சோதனைக்குள் நேரத்தை "2024 ஜனவரி 1, இரவு 12.30, சிங்கப்பூர்" என்று ஆணி அடித்து நிறுத்திவிட்டால், அது பகல் 3 மணிக்கு ஓடினாலும் நள்ளிரவுப் பிழையைப் பிடித்துவிடும். நேரத்தை நிறுத்தி வைக்கும் வசதி எல்லாப் பெரிய சோதனைக் கருவிகளுக்கும் கிடைக்கிறது.

நேரம் பற்றிப் பேசும்போது ஒரு சிறு கிளைக்கதை. சிங்கப்பூர் எப்போதும் 8 மணி நேரம் முன்னால் இருந்ததில்லை. 1982 பிறக்கும்வரை ஏழரை மணி நேரம்தான். ஒருவரின் பிறந்த தேதியான 1975 ஆகஸ்ட் 15ஐ நள்ளிரவு நேரமாகக் கருதி, 8 மணி நேரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கழித்து யுடிசியில் சேமித்தீர்கள் என்றால், வரலாறு தெரிந்த நிரல்தொகுப்பு ஒன்று அதைத் திரும்ப எடுத்துக் காட்டும்போது ஆகஸ்ட் 14, இரவு 11.30 என்று காட்டும். பிறந்தநாள் ஒரு நாள் முன்னால் போய்விட்டது. 1990இல் பிறந்தவர்களை மட்டும் வைத்துச் சோதித்தால் இது கண்ணிலேயே படாது. பிறந்த தேதிக்கு மணி எதற்கு, தேதியாகவே சேமியுங்கள். சோதனையில் ஒரு தாத்தாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொது விடுமுறையும் இதே வகைதான். 2023இல் தீபாவளி நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதனால் மறுநாள் திங்கள் விடுமுறையானது. விடுமுறை நாளில் விநியோகம் இல்லை என்ற விதியைச் சோதிக்க அந்தத் திங்கட்கிழமை அருமையான தேதி.

அடுத்தது காத்திருப்பு. திரையில் பொத்தானை அழுத்தினால் "ஆர்டர் ஏற்கப்பட்டது" என்று வர வேண்டும். வருவதற்குச் சற்று நேரம் ஆகும். தொடக்கநிலையில் எல்லாரும் எழுதுவது: பொத்தானை அழுத்து, 3 விநாடி தூங்கு, செய்தி வந்திருக்கிறதா பார். உங்கள் மடிக்கணினியில் இது வேலை செய்யும். சோதனைகள் ஓடும் சர்வரில் பத்து வேலைகள் ஒன்றாக ஓடும்போது செய்தி வர நான்கு விநாடி ஆகும், சிவப்பு. உடனே 3ஐ 5 ஆக்குவார்கள், பிறகு 10. இதில் இரட்டை நட்டம். 3 விநாடித் தூக்கம் 300 சோதனைகளில் இருந்தால் வெறும் தூக்கத்துக்கே 15 நிமிடம் போகிறது, அப்படியும் தடுமாற்றம் நிற்பதில்லை. விநாடியைக் கணக்கிடாமல் நிகழ்வுக்குக் காத்திருக்க வேண்டும்: "செய்தி தெரியும்வரை காத்திரு, அதிகபட்சம் 15 விநாடி". அரை விநாடியில் வந்தால் அரை விநாடியில் நகர்ந்துவிடும், தாமதமானால் பொறுத்துக்கொள்ளும். பிளேரைட் போன்ற புதிய கருவிகள் பொத்தான் தயாராகும்வரை தாமாகவே காத்திருக்கின்றன. அப்படியிருந்தும் பழக்கதோஷத்தில் தூக்க வரிகளைச் சேர்க்கிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். 2014இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அப்பாச்சி அறக்கட்டளையின் 51 மென்பொருள் திட்டங்களில் தடுமாற்றத்தைச் சரிசெய்த 201 திருத்தங்களை அலசியது. காரணம் வகைப்படுத்தப்பட்டவற்றில் ஏறக்குறைய 45 விழுக்காட்டுக்கு இந்தக் காத்திருப்புக் கோளாறே காரணம். ஒரே நேரத்தில் ஓடும் நிரல்களின் மோதல் 20 விழுக்காடு, சோதனைகளின் வரிசையை நம்பியிருப்பது 12 விழுக்காடு.

வரிசை என்றால் என்ன? முதல் சோதனை முத்து என்ற வாடிக்கையாளரைப் பதிவு செய்கிறது. இரண்டாவது சோதனை முத்துவின் பெயரில் ஆர்டர் போடுகிறது. சேர்த்து ஓட்டினால் பச்சை. இரண்டாவதை மட்டும் தனியாக ஓட்டினால் முத்து யார் என்றே தெரியாது. ஒவ்வொரு சோதனையும் தனக்கு வேண்டிய ஆளையும் பொருளையும் தானே உருவாக்கிக்கொள்ள வேண்டும், இன்னொருவர் வைத்துவிட்டுப் போனதை எடுக்கக் கூடாது. முடிந்த பிறகு துடைத்துவிட்டுப் போவதைவிட, தொடங்கும்போது துடைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. பாதியில் அறுந்த சோதனை துடைக்காமலே போய்விடும் அல்லவா. வரிசையைக் குலுக்கிப் போட்டு ஓட்டும் வசதி பெரும்பாலான கருவிகளில் உண்டு. அதை முதல் நாளிலிருந்தே போட்டுவைத்தால் இந்த நோய் வேர் பிடிக்காது.

வெளியார் சேவைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். நம் ஊர்ச் செயலி என்றால் பெரும்பாலும் பேநவ் வழியாகப் பணம் வாங்கும், சிங்பாஸ் வழியாக ஆளை அடையாளம் காணும். ஒவ்வொரு சோதனையும் உண்மையான சேவையின் கதவைத் தட்டினால், அவர்கள் பராமரிப்புக்காக மூடும் இரவெல்லாம் உங்கள் சோதனைகள் சிவப்பு. ஆகவே சோதனைக்குள் அந்தச் சேவையைப் போலவே பதில் சொல்லும் ஒரு பதிலியை வைத்துக்கொள்கிறோம். பதிலிக்கு ஒரு குறை உண்டு. உண்மையான சேவை தன் பதிலின் அமைப்பை மாற்றிவிட்டாலும் பதிலி பழைய பாட்டையே பாடும். எல்லாம் பச்சை, வெளியே பணம் ஏறவில்லை. அதனால் சேவை வழங்குபவரின் சோதனைக்களத்தோடு நேரடியாகப் பேசும் சில சோதனைகளைத் தனியாக வைத்து, தினம் ஒரு தடவை ஓட்டுங்கள். அவை சிவப்பானால் நிரலை வெளியிடுவதைத் தடுக்க வேண்டியதில்லை. யாராவது ஒருவர் போய்ப் பார்த்தால் போதும்.

இப்போது பொய்ப் பச்சை. நம் பில் சோதனையை ஒருவர் இப்படி எழுதுகிறார்: எதிர்பார்க்கும் விடை = விலை × 1.10 × 1.09. பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் நிரலுக்குள் இருக்கும் அதே சூத்திரத்தைத்தான் சோதனைக்குள்ளும் எழுதியிருக்கிறார். சேவைக் கட்டணத்துக்கு வரி உண்டா இல்லையா என்பதை அவர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் இரண்டு இடத்திலும் ஒரே தவறு, இரண்டும் ஒத்துப்போகும், பச்சை. விடையைக் கையால் கணக்குப் போட்டு 47.96 என்று எண்ணாகவே எழுதுங்கள். முடிந்தால் உணவக முதலாளியிடமோ கணக்காளரிடமோ ஒரு பழைய பில்லை வாங்கி அதில் உள்ள எண்ணையே வையுங்கள். இந்த இடத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரன்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் சோதனை எழுதித் தரச் சொல்லும் பழக்கம் இப்போது எங்கும் பரவிவிட்டது. அவற்றிடம் உள்ள சிக்கலும் இதே வகைதான். நிரலைக் காட்டி "இதற்குச் சோதனை எழுது" என்றால், நிரல் இப்போது என்ன செய்கிறதோ அதையே சரியான விடை என்று எழுதிவிடுவது வழக்கம். பிழையும் சேர்ந்து பாதுகாக்கப்படுகிறது. விதியை உங்கள் சொற்களில் சொல்லி, விடையை நீங்கள் கொடுத்து, மற்றதை எழுதச் சொல்லுங்கள். நிரலின் எத்தனை வரிகள் சோதனையில் ஓடின என்ற விழுக்காட்டைப் பார்த்து மயங்குவதும் வேண்டாம். ஒரு வரி ஓடியது என்பதற்கும் அதன் விடையை யாராவது சரிபார்த்தார்கள் என்பதற்கும் சம்பந்தமே இல்லை. சந்தேகமாக இருந்தால் எளிய வழி ஒன்று உண்டு: நிரலில் 9ஐ 6 ஆக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். எந்தச் சோதனையும் சிவப்பாகவில்லை என்றால் உங்களிடம் காவலாளி இல்லை.

சோதனைக்குப் பயன்படுத்தும் தகவல்களும் உள்ளூர் ஆட்களைப் போல இருக்க வேண்டும். வாடிக்கையாளர் எல்லாரும் ஜான் ஸ்மித் என்றிருந்தால், குடும்பப் பெயர் கட்டாயம் என்ற கட்டம் நம்மவர்களை எப்படித் திணற அடிக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. தந்தை பெயருக்கு முன்னால் எஸ்/ஓ (மகன்), டி/ஓ (மகள்) என்று சாய்கோடு போட்ட பெயர் ஒன்றைச் சோதனையில் வைத்துப் பாருங்கள். எத்தனை படிவங்கள் "தவறான எழுத்து" என்று முகம் சுளிக்கின்றன என்பது தெரியும். அஞ்சல் குறியீட்டை எண்ணாகச் சேமித்தால் ராஃபிள்ஸ் பிளேஸ் வட்டாரத்தின் குறியீடுகளில் முன்னால் வரும் பூஜ்யம் காணாமல் போய், ஆறு இலக்கம் ஐந்தாகிவிடும். அடையாள எண்ணின் முதல் எழுத்து எஸ் (S), டி (T), எஃப் (F), ஜி (G) என்ற நான்கில் ஒன்றுதான் என்று எழுதப்பட்ட நிரல்கள், 2022 ஜனவரியிலிருந்து வெளிநாட்டவருக்கு எம் என்ற எழுத்து வழங்கப்பட்டதும் உண்மையான ஆட்களைத் திருப்பி அனுப்பின. அவற்றின் சோதனைகள் எல்லாம் பச்சையாகத்தான் இருந்திருக்கும். ஓர் எச்சரிக்கை: நண்பரின் அடையாள எண்ணையோ உண்மையான வாடிக்கையாளர் பட்டியலையோ எடுத்துச் சோதனையில் வைக்காதீர்கள். கணக்குப்படி உருவாக்கிய எண்ணும் யாரோ ஒருவருடையதாக இருந்துவிடலாம்; அதனால் சோதனைத் தரவுத்தளத்திலிருந்து வெளியே குறுஞ்செய்தியோ கடிதமோ போக வழியே இருக்கக் கூடாது.

பராமரிப்பு என்று வரும்போது, அதிகம் அழ வைப்பவை திரை வழியாக ஓடும் சோதனைகள். "மூன்றாவது பெட்டிக்குள் இருக்கும் இரண்டாவது பொத்தானை அழுத்து" என்று எழுதிய சோதனை, வடிவமைப்பாளர் ஒரு விளம்பரப் பட்டையைச் சேர்த்த அன்றே செத்துவிடும். பயனர் பொத்தானை எப்படிக் கண்டுபிடிக்கிறாரோ அப்படியே, அதன்மேல் உள்ள சொல்லை வைத்துத் தேடுங்கள் என்பது பொதுவான அறிவுரை, நல்ல அறிவுரையும்கூட. ஆனால் நான்கு மொழிகளில் ஓடும் செயலி என்றால், ஆங்கிலச் சொல்லை வைத்துத் தேடும் சோதனை தமிழ்ப் பக்கத்தில் நின்றுவிடும். அப்படிப்பட்ட இடத்தில் பொத்தானுக்குச் சோதனைக்கென்றே மாறாத ஒரு மறைமுகப் பெயரை நிரலாளர் கொடுத்துவிடுவது மேல். எந்த வழியானாலும், பொத்தானைத் தேடும் வரி ஒரே இடத்தில் இருக்கட்டும். பணம் செலுத்தும் பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்பதை ஒரு கோப்பில் எழுதிவிட்டு, சோதனைகள் "ரொக்கமாகச் செலுத்து" என்று மட்டும் சொல்ல வேண்டும். பக்கம் மாறினால் அந்த ஒரு கோப்பை மாற்றினால் போதும். அதோடு, பில் கணக்கை எல்லாம் திரை வழியாகச் சோதிக்காதீர்கள். திரையைத் தொடாமல், கணக்குப் போடும் நிரலையே நேராகச் சோதித்தால் நூறு சோதனைகள் ஒரு விநாடிக்குள் முடியும்; திரை வழியாக, ஆர்டர் போட்டுப் பணம் கட்டி ரசீது வாங்கும் முழுப் பயணங்கள் சிலவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் வைப்பதில் சோம்பல் கூடாது. "பில் சோதனை 3 தோற்றது" என்று இரவு 11 மணிக்குச் செய்தி வந்தால் யாருக்கு என்ன புரியும்? "ரொக்கம் என்றால் 47.96 வெள்ளி 47.95 ஆகக் குறையும்" என்பது பெயராக இருந்தால் நிரலைத் திறக்காமலே விஷயம் தெரிந்துவிடும். 1 காசு நாணயம் வெளியிடுவது 2002இல் நின்றுபோனதால் ரொக்கத் தொகையை அருகிலுள்ள 5 காசுக்குச் சரிசெய்யும் வழக்கம் இங்கே உண்டு என்பது புதிதாக வந்த நிரலாளருக்குத் தெரியாமல் இருக்கலாம். சோதனையின் பெயரே அதைக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. கூடவே எல்லையில் இரண்டு வையுங்கள்: 47.97 கீழே இறங்கி 47.95 ஆகிறது, 47.98 மேலேறி 48 வெள்ளி ஆகிறது. பிழைகள் இத்தகைய விளிம்புகளில்தான் குடியிருக்கும்.

சோதனைகளில் ஒரே வரிகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று எல்லாவற்றையும் பொதுவான துணை நிரல்களுக்குள் தள்ளிவிடும் ஆர்வம் நல்ல நிரலாளர்களுக்கே அதிகம். ஓரளவுக்கு மேல் அது கெடுதல். சோதனையைப் படிக்கிறவர் என்ன கொடுத்தோம், என்ன செய்தோம், என்ன எதிர்பார்க்கிறோம் என்ற மூன்றையும் ஒரே திரையில் பார்க்க வேண்டும். நான்கு கோப்புகளுக்கு அலையக் கூடாது. அதேபோல, உள்ளே எந்த நிரல் எத்தனை தடவை அழைக்கப்பட்டது என்றெல்லாம் சரிபார்க்காதீர்கள். விடை மாறாமல் உள்வேலையைச் சீரமைத்தவருக்கு அது முட்டுக்கட்டை மட்டுமே.

இவ்வளவுக்குப் பிறகும் சில சோதனைகள் தடுமாறும். தோற்றால் தானாக மூன்று தடவை ஓட்டிப் பார்க்கும் வசதி கருவிகளில் இருக்கிறது. அதை வலி மாத்திரையாகப் பயன்படுத்தலாம், ஆனால் எந்தச் சோதனைக்கு எத்தனை மாத்திரை போனது என்ற கணக்கு வெளியே தெரிய வேண்டும். இல்லாவிட்டால் மேலே சொன்ன நள்ளிரவுப் பிழைகள் எல்லாம் அதற்கடியில் மறைந்துவிடும். அடிக்கடி தடுமாறுவதைப் பொது ஓட்டத்திலிருந்து பிரித்து ஒதுக்கி வையுங்கள். ஒதுக்கும்போதே பொறுப்பாளர் பெயரையும் கெடு தேதியையும் எழுதுங்கள். கெடுவுக்குள் யாரும் சரிசெய்யவில்லை என்றால் அழித்துவிடுங்கள். சோதனையை அழிப்பது பாவம் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. யாரும் நம்பாத சோதனை ஏற்கெனவே இல்லாததுதான், அதை ஓட்டும் மின்சாரம்தான் மிச்சம்.

சேர்ந்த இடத்தில் ஏற்கெனவே சில நூறு சோதனைகள் பாதி உயிரோடு இருந்தால் எங்கே தொடங்குவது என்று கேட்கலாம். எதையும் திருத்தாமல், நிரலில் ஒரு வரியும் மாற்றாமல், ஓர் இரவு முழுக்க அவற்றைத் திரும்பத் திரும்ப ஓட்டவிடுங்கள். ஒரு தடவை வரிசையைக் குலுக்கி, ஒரு தடவை சர்வரின் நேரத்தைச் சிங்கப்பூருக்கு மாற்றி, ஒரு தடவை யுடிசியில். காலையில் வந்து, ஒரே நிலையில் இல்லாதவற்றை மட்டும் பட்டியலிடுங்கள். பட்டியல் பெரும்பாலும் நீங்கள் பயந்ததைவிடச் சிறியதாக இருக்கும், அதிலும் பல ஒரே காரணத்தைச் சுற்றி நிற்கும். பணம் சம்பந்தப்பட்டதை முதலில் எடுங்கள். அதில் தூக்க வரி இருக்கிறதா, தேதியைத் தானாகக் கேட்கிறதா, இன்னொரு சோதனையின் ஆளைக் கடன் வாங்குகிறதா என்று பாருங்கள். அநேகமாக இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.